படர்தாமரை: தாராவி மெடிக்கல் கவுன்டரில் ஓயாமல் வரும் கேள்விகள்

ஜூன் மாதம் மழை பிடித்துவிட்டால் எங்கள் கடையில் இருமல் மருந்துக்கு அடுத்தபடி விற்பது படர்தாமரை ட்யூப். நம்மவர்கள் படர்தாமரை என்று கேட்பார்கள், இந்திக்காரர்கள் தாத் என்பார்கள், மராட்டியர்கள் நாய்ட்டா என்பார்கள். எல்லாம் ஒன்றுதான். நான் பார்மசிஸ்ட், தோல் டாக்டரும் இல்லை, கால்நடை டாக்டரும் இல்லை. ஆனால் ஒரே கேள்விக்கு ஒரே பதிலை நாள் முழுக்கச் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன்.

இது புழுவா அக்கா? உள்ளே ஏதோ ஊர்ற மாதிரியே இருக்கு.

புழு கிடையாது, பூஞ்சை. தோலின் மேலடுக்கு, முடி, நகம் மூன்றிலும் கெரட்டின் என்ற புரதம் இருக்கிறது. அதைத் தின்றே பிழைக்கிற பூஞ்சைக் கூட்டம் ஒன்று உண்டு. டிரைக்கோபைட்டன், மைக்ரோஸ்போரம், எபிடெர்மோபைட்டன் என்று அதில் பல வகை. சில வகை மனிதர்களை நம்பியே வாழும், சில பூனை, மாடு, எலி போன்றவற்றின் மேல், சில மண்ணில். பொதுவாக இவை தசைக்குள் இறங்குவதில்லை, செத்த மேல்தோலோடு நின்றுவிடும்.

ஒரு புள்ளியில் தொடங்கிச் சுற்றிலும் வெளியே நகரும். நடுவில் உடம்பு அதை விரட்டிவிடுவதால் அங்கே தோல் தெளிந்து, ஓரம் மட்டும் சிவந்து தடித்துச் செதில் உதிர நிற்கும். அந்த ஓரத்தில்தான் பூஞ்சை உயிரோடு இருக்கிறது. மருந்து தடவும்போது இதை நினைவில் வையுங்கள். பலர் நடுவில் மட்டும் தடவுகிறார்கள்.

பக்கத்து வீட்டுப் பூனை தினமும் வந்து படுக்குது. அதுகிட்ட இருந்துதானே வந்திருக்கும்?

பூனைக்கு இந்தப் பழி சுலபமாக விழுந்துவிடுகிறது. இன்று இந்தியாவில் பெரியவர்களுக்குத் தொடையிடுக்கு, இடுப்பு, பிட்டம் என்று பெரிய பெரிய வளையமாக வருவது பெரும்பாலும் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் வகை. டிரைக்கோபைட்டன் இன்டோடினியே என்று அதற்குப் பெயர். 2020-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இந்தியா, நேபாளத்திலிருந்து வந்த நோயாளிகளின் தோலிலிருந்து எடுத்துப் பெயர் வைத்தார்கள். 2023-ல் அமெரிக்காவில் நியூயார்க்கிலும் கண்டுபிடிக்கப்பட்டுச் செய்தியானது. இது துண்டு, உள்ளாடை, படுக்கை, உடம்போடு உடம்பு உரசுவது வழியாகப் பரவுகிறது. பூனை இதில் குற்றவாளி இல்லை.

பூனையிடமிருந்து வருவது மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்ற வேறு வகை. அது எங்கே வந்திருக்கிறது என்று பாருங்கள். பூனையைத் தூக்கி அணைக்கும் இடங்களான முன்கை, கழுத்து, மார்பு, கன்னம், குழந்தையானால் தலை. பெரும்பாலும் சிறிய வட்டங்களாக, நல்ல சிவப்பாக, சில சமயம் ஒரே நேரத்தில் நாலைந்து இருக்கும். இரண்டு மூன்று வாரத்துக்குள் புதிதாக ஒரு குட்டி வீட்டுக்கு வந்திருந்தால் சந்தேகம் வலுக்கிறது. பேன்ட் போடும் இடத்தில் மட்டும் இருந்தால், வீட்டில் வேறு யாருக்கு அரிக்கிறது என்று கேளுங்கள். "யாருக்கும் இல்லை" என்று சொன்ன அண்ணன் ஒருவரின் மனைவி பின்னால் நின்றபடி இடுப்பைச் சொறிந்துகொண்டிருந்தார். வெட்கத்தில் மறைப்பது எங்கள் கடையில் தினசரி நடப்பது.

பூனைக்கு இருக்கா இல்லையான்னு எப்படிப் பார்க்கிறது?

குட்டிப் பூனைகளுக்குத்தான் அதிகம் வரும். காது மடல், மூக்கு, கண்ணைச் சுற்றி, முன்னங்கால் பாதம் ஆகிய இடங்களில் முடி வட்டமாக உதிர்ந்திருக்கும். உற்றுப் பார்த்தால் முடி வேரோடு போகாமல் ஒடிந்து கட்டையாக நிற்கும். அடியில் சாம்பல் நிறச் செதில். மனிதருக்கு அரிக்கிற அளவு பூனைக்கு அரிக்காது, பல பூனைகள் சொறியவே சொறியாது. பெர்ஷியன் போன்ற நீள முடிப் பூனைகளில் வெளியே ஒன்றுமே தெரியாமல் முடி முழுக்கப் பூஞ்சையின் வித்து இருப்பதும் உண்டு. காசு கொடுத்து பெர்ஷியன் வாங்கிய வீடுகளில் இதை நம்ப மாட்டார்கள்; "தெருப்பூனையா இது?" என்று கோபம் வேறு வரும்.

கால்நடை டாக்டர் இருட்டறையில் வுட்ஸ் விளக்கு என்ற புறஊதாக் கதிர் விளக்கை அடித்துப் பார்ப்பார். மைக்ரோஸ்போரம் கேனிஸ் பிடித்த முடி பச்சை ஆப்பிள் நிறத்தில் மின்னும். செதிலும் தூசும் களிம்பும்கூட மின்னும் என்பதால் முடித்தண்டு மின்னுகிறதா என்பதுதான் கணக்கு. மின்னவில்லை என்பதாலேயே இல்லை என்று முடிவு கட்டவும் கூடாது. நிச்சயமாகத் தெரிய வேண்டுமானால் புதிய பல்துலக்கும் பிரஷால் உடம்பு முழுக்கச் சீவி, அந்த முடியை லேபில் வளர்த்துப் பார்ப்பார்கள். ரிசல்ட்டுக்கு இரண்டு மூன்று வாரம் ஆகலாம்.

தெரு நாய்க்கு உடம்பெல்லாம் முடி கொட்டிப் போச்சு. அதுவும் இதுதானா?

பெரும்பாலும் இல்லை. உடம்பு முழுக்க முடி கொட்டி, தோல் தடித்து, ஓயாமல் சொறிந்துகொண்டிருந்தால் அது சொறிப்பூச்சியாக இருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு மருந்தே வேறு. அதுவும் மனிதருக்கு ஒட்டி அரிப்பைக் கொடுக்கும். நாயை டாக்டரிடம் காட்டாமல் நம் ட்யூபை அதற்குத் தடவ வேண்டாம்.

தபேலாவில் வேலை. எருமைக் கன்னுக்கு முகமெல்லாம் சாம்பல் பூத்த மாதிரி இருக்கு. என் கையிலும் வந்திருக்கு.

கோரேகாவ், ஜோகேஸ்வரி பக்கத் தபேலா என்ற மாட்டுக் கொட்டகைகளிலிருந்தும் ஆரே காலனியிலிருந்தும் சொந்தக்காரரைப் பார்க்க வருகிறவர்கள் கேட்பது இது. மாடு, எருமைக்கு வருவது டிரைக்கோபைட்டன் வெருகோசம். கன்றுகளுக்குக் கண்ணைச் சுற்றி, காது, கழுத்து என்று சாம்பல் நிறத்தில் தடித்த பொருக்கு கட்டும். நெருக்கமாகக் கட்டி வைக்கும் ஈரக் கொட்டகையில் ஒன்றுக்கு வந்தால் வரிசையாக எல்லாவற்றுக்கும் வரும். கன்றுக்குப் பெரும்பாலும் சில மாதத்தில் தானாகவே ஆறிவிடும். ஆனால் அதற்குள் தூண், கயிறு, தீவனத் தொட்டி எல்லாவற்றிலும் பூஞ்சையின் வித்து ஒட்டிவிடும்.

பால் கறக்கிறவருக்கு முன்கையிலும் மணிக்கட்டிலும் வரும். மாட்டிலிருந்து வருவது மனிதத் தோலில் கொஞ்சம் ஆவேசமாக இருக்கும்: வீங்கும், சீழ் கோக்கும், தாடியில் வந்தால் கட்டி கட்டியாக நிற்கும். அதைச் சாதாரணச் சீழ்க்கட்டி என்று நினைத்து ஆன்டிபயாடிக் மட்டும் வாங்கிப் போகிறார்கள்; குறையாது. தோல் டாக்டரிடம் "மாட்டோடு வேலை" என்ற ஒரு வார்த்தையை மறக்காமல் சொல்லுங்கள், பாதி வேலை முடிந்தது. பால் வழியாக இது வராது. பாலைக் காய்ச்சித்தான் குடிக்கிறோம் என்பதால் அந்தப் பயமே வேண்டாம்.

முயல், கினிப்பன்றி வளர்க்கிறோம்...

அவற்றிடமிருந்தும் வரும். வாங்கிய முதல் இரண்டு வாரம் மற்றப் பிராணிகளோடு சேர்க்காமல் தனியாக வையுங்கள். குழந்தை மடியில் வைத்துக் கொஞ்சுவதையும் அதுவரை தள்ளிப்போடுங்கள்.

போன தடவை இந்த ட்யூப்தான் போட்டேன். ரெண்டே நாள்ல அரிப்பு நின்னுச்சு. அதையே குடுங்க.

இந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன். அட்டைப்பெட்டியின் மூடியை மட்டும் கிழித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு வருவார்கள். நாலாக மடித்து, வியர்வையில் ஊறி, எழுத்து பாதி அழிந்திருக்கும். பிராண்ட் பெயர் பெரிதாகத் தெரியும். நான் பார்ப்பது அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருப்பதை. அதில் கிளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன் இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு. கூடவே ஒரு பூஞ்சை மருந்து, ஜென்டமைசினோ நியோமைசினோ ஒரு ஆன்டிபயாடிக். மூன்றையும் கலந்த ட்யூப். எந்த நோய் என்று தெரியாதவருக்கும் ஏதாவது ஒன்று வேலை செய்யும் என்கிற கணக்கு.

ஸ்டீராய்டு என்ன செய்கிறது? சிவப்பும் அரிப்பும் பூஞ்சை நேரடியாகச் செய்வதல்ல, பூஞ்சையை எதிர்த்து நம் உடம்பு போடும் சண்டை. ஸ்டீராய்டு அந்தச் சண்டையை நிறுத்திவிடுகிறது. அதனால் இரண்டு நாளில் அரிப்பு போகும், சிவப்பு மங்கும், ஆள் சந்தோஷமாக நிறுத்திவிடுவார். எதிர்ப்பே இல்லாத தோலில் பூஞ்சை நிம்மதியாகப் படரும். பத்து நாளில் திரும்பி வரும்போது அகலம் கூடியிருக்கும். மறுபடி அதே ட்யூப். இப்படி ஆறு மாதம் ஓட்டியவர்களுக்கு வளையத்துக்குள் வளையமாக, கோலம் போட்ட மாதிரி வந்திருக்கும். தொடை இடுக்கில் தோல் மெலிந்து, பிரசவத் தழும்பு போலக் கோடு கோடாகக் கீறல் விழும். பூஞ்சையைக் குணப்படுத்தலாம், அந்தக் கோடு போகாது. இருபது வயதுப் பையன்கள் அதைக் காட்டி "இது எப்போ போகும்?" என்று கேட்கும்போது பதில் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது.

2018-ல் மத்திய அரசு தோலில் பூசும் 14 ஸ்டீராய்டுகளை அட்டவணை எச்-இல் சேர்த்தது. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று பொருள். தோல் டாக்டர்களின் சங்கம் வெகுகாலம் கத்தியதன் பலன் அது. காகிதத்தில் சட்டம் இருக்கிறது. கடைக்குக் கடை என்ன நடக்கிறது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் கொடுக்காவிட்டால் எதிர்வரிசையில் வாங்கிக்கொள்வேன் என்று முகத்துக்கு நேராகவே சொல்வார்கள், வாங்கியும் கொள்வார்கள். ஆனாலும் கொடுப்பதில்லை. ஸ்டீராய்டு கெட்ட மருந்து என்று சொல்லவில்லை. எக்ஸிமா என்ற தோல் அழற்சிக்கு அது வரப்பிரசாதம். படர்தாமரைக்கு அது உரம்.

ஏற்கெனவே மாசக்கணக்கா அதைத்தான் போட்டுக்கிட்டு இருக்கேன். இப்போ?

நிறுத்திவிட்டுத் தோல் டாக்டரைப் பாருங்கள். நிறுத்திய முதல் வாரம் அரிப்பும் சிவப்பும் முன்னைவிட ஏறும். மருந்து நின்றதன் எதிர்வினை அது. அதைத் தாங்க முடியாமல்தான் பலர் பழைய ட்யூபுக்கே ஓடுகிறார்கள். இரவில் தூங்குவதற்கு அரிப்பு மாத்திரை ஒன்றை டாக்டரே தருவார்.

சரி, அப்போ எதைத்தான் போடுறது?

சிறியதாக ஒன்றிரண்டு வட்டம், முதல் தடவை வந்தது என்றால் பூஞ்சை மருந்து மட்டும் உள்ள களிம்பு போதும். கிளோட்ரிமசோல், மைக்கோனசோல், லூலிகோனசோல் மாதிரி ஏதாவது ஒன்று. பொடி எழுத்தில் அந்த ஒரே ஒரு பெயர்தான் இருக்க வேண்டும். லூலிகோனசோல் ஒரு வேளை போதும், மற்றவை பெரும்பாலும் இரண்டு வேளை. வட்டத்தின் ஓரத்தையும் தாண்டி சுமார் 2 செ.மீ. நல்ல தோலிலும் தடவுங்கள். வட்டம் கண்ணுக்கு மறைந்த பிறகும் குறைந்தது 2 வாரம் தொடருங்கள். இந்தக் கடைசி விஷயத்தைத்தான் யாரும் கேட்பதில்லை. 10 கிராம் ட்யூப் ஒன்று வாங்கி ஒரு மாதம் வைத்திருந்தால் நீங்கள் தடவவில்லை, வாசம் பிடித்திருக்கிறீர்கள்.

குளித்துவிட்டு ஈரத்தோடு தடவக் கூடாது. துடைத்து, ஐந்து நிமிடம் காற்றாட விட்டு, பிறகு மெல்லியதாக. தொடையிடுக்கில் கொழகொழவென்று அப்பினால் ஈரம் தங்கி இன்னும் மோசமாகும்.

உள்ளங்கை அகலத்துக்கு மேல் இருந்தாலோ, இரண்டுக்கு மேற்பட்ட இடத்தில் இருந்தாலோ, தலை, தாடி, நகத்தில் இருந்தாலோ, சர்க்கரை இருந்தாலோ, கர்ப்பமாக இருந்தாலோ, நாலு வாரத்தில் குறையாவிட்டாலோ களிம்போடு மல்லுக்கட்ட வேண்டாம், தோல் டாக்டரிடம் போங்கள்.

டாக்டர் மாத்திரையும் குடுத்தாரு. ஒரு மாசம் தின்னாச்சு, போகல. மாத்திரை டூப்ளிகேட்டா?

டூப்ளிகேட்டாக இருக்க வேண்டியதில்லை. டெர்பினாஃபின் என்ற மாத்திரை பல வருடம் இதற்கு ராஜாவாக இருந்தது. நான் மேலே சொன்ன இன்டோடினியே என்ற புது வகைப் பூஞ்சையில், அந்த மாத்திரை குறிவைக்கும் நொதியின் மரபணுவே பல இடங்களில் மாறிப்போயிருக்கிறது, மருந்து பிடிப்பதில்லை. அதனால் இப்போது டாக்டர்கள் இட்ராகோனசோலை அதிகம் எழுதுகிறார்கள். அந்தக் காப்ஸ்யூலில் ஒரு சூட்சுமம் இருக்கிறது: வயிற்றில் அமிலம் இருந்தால்தான் உடம்பில் ஏறும். சாப்பிட்ட கையோடு விழுங்க வேண்டும். காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில், அமிலத்தைக் குறைக்கும் கேஸ் மாத்திரையோடு சேர்த்துப் போட்டால் காசு சாக்கடையில்தான். நம் ஊரில் கேஸ் மாத்திரை தின்னாத ஆள் யார்? இதயம் பலவீனமானவர்கள் இட்ராகோனசோலை எடுக்கக் கூடாது. கொழுப்பு மாத்திரை உள்படப் பலவற்றோடு அது மோதும். அதனால் நீங்கள் தினமும் எடுக்கும் எல்லா மருந்தையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். பழைய சீட்டைக் காட்டி நீங்களாக நீட்டிக்க வேண்டாம். கீட்டோகோனசோல் மாத்திரையாக யாராவது கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லலாம். கல்லீரலைக் கெடுக்கும் என்பதால் தோல் பூஞ்சைக்கு அது ஓரங்கட்டப்பட்டுவிட்டது. களிம்பாகவும் ஷாம்பூவாகவும் பயன்படுத்துவதில் பிரச்சினை இல்லை.

மாத்திரை பிடிக்காததற்கு இன்னொரு காரணம், வீட்டில் மற்றொருவருக்கும் இருப்பது. உங்களுக்கு ஆறும், அவரிடமிருந்து திரும்ப வரும், உங்களிடமிருந்து அவருக்குப் போகும். ஒரே நேரத்தில் எல்லாரும் மருந்து எடுத்தால்தான் இந்தச் சுற்று அறும்.

லோக்கல் ட்ரெயின்ல ஒட்டிக்குமா?

டோம்பிவிலி ஃபாஸ்டில் நெருக்கியடித்துப் போகிறவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். ஒருவர் தோலும் இன்னொருவர் தோலும் உரசுவதால் வாய்ப்பு உண்டு; ஆனால் நான் பார்க்கிற அளவில் அசல் காரணம் ட்ரெயினை விட்டு இறங்கிய பிறகு நடப்பது. வியர்வையில் நனைந்த இறுக்கமான ஜீன்ஸை எட்டு மணி நேரம் ஆபீஸ் ஏசியில் போட்டபடியே உட்காருவது. மழையில் நனைந்த பேன்டைக் காலிலேயே காய வைப்பது. பேச்சிலர் ரூமில் நாலு பேர் ஒரே துண்டில் துடைப்பது.

ஜூலை, ஆகஸ்டில் கோலி என்கிற பத்துக்குப் பத்து அறைக்குள் கொடி கட்டித் துணி காயப்போட்டால் அது காயாது, புழுங்கும். பாதி காய்ந்த உள்ளாடையைப் போடுவதைவிடப் பெரிய உபகாரம் பூஞ்சைக்கு வேறில்லை. நனைத்துவிட்டு ஃபேனுக்கடியில் விரிப்பது, போடுவதற்கு முன் சூடாக இஸ்திரி போடுவது, குறிப்பாக இடுப்புப் பட்டையையும் தையல் மடிப்பையும் இரண்டு பக்கமும் அழுத்தித் தேய்ப்பது நல்லது. நோய் உள்ளவர் துணியைத் தனியாக, முடிந்தால் 60 டிகிரி வெந்நீரில் துவைத்து, வெயில் கிடைக்கும் நாளில் உள்பக்கத்தை வெளியே திருப்பிக் காயப்போடுங்கள். ஜீன்ஸுக்கு மூன்று மாதம் ஓய்வு கொடுங்கள். காட்டன் பேன்ட் போதும்.

இன்னொன்றை நம் ஆட்களிடம் மட்டும் சொல்ல வேண்டியிருக்கிறது: அரைஞாண் கயிறு. கறுப்புக் கயிறு வருடக்கணக்காக இடுப்பில் ஊறிக்கொண்டே இருக்கும், துவைக்கவும் முடியாது, மாற்றவும் மாட்டோம். இடுப்பைச் சுற்றி பெல்ட் மாதிரி படர்தாமரை வருகிறவர்கள் பலருக்கு வளையம் அந்தக் கயிற்றின் தடத்திலேயே போகும். குணமாகும் வரை கழற்றிவிடுங்கள். கழற்ற மனம் வராவிட்டால் வெள்ளியில் போட்டுக்கொண்டு தினமும் சோப்பு போட்டுத் துடையுங்கள். கோவில் கயிறு, மணிக்கட்டுக் கயிறு எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

பிள்ளைக்குத் தலையில புழுவெட்டு. வெங்காயம் தேய்க்கலாமா?

முதலில் அது புழுவெட்டுதானா என்று பாருங்கள். புழுவெட்டில் தோல் வழவழவென்று, செதில் இல்லாமல், நாணயம் போலச் சுத்தமாக இருக்கும், அது தொற்றாது. செதில் உதிர்ந்து, முடி ஒடிந்து கறுப்புப் புள்ளியாக நின்று, அரித்தால் அது தலையில் வந்த படர்தாமரை. குழந்தைகளுக்குத்தான் அதிகம் வரும். களிம்பால் ஆறாது, ஏனென்றால் பூஞ்சை முடித்தண்டுக்குள்ளேயே போய்விடும். வெளியே தடவுவது எட்டாது. மாத்திரை அல்லது சிரப் ஆறு வாரமோ அதற்கு மேலோகூட எடுக்க வேண்டியிருக்கலாம். கிரிசியோஃபுல்வின் என்ற பழைய மருந்து இன்றும் இதற்குக் கைகொடுக்கிறது. கீட்டோகோனசோல் ஷாம்பூ கூடவே போட்டால் மற்றவர்களுக்குப் பரவுவது குறையும்.

சில குழந்தைகளுக்குத் தலையில் இட்லி மாதிரி மெத்தென்று வீங்கிச் சீழ் வடியும். கீறி எடுக்கச் சொல்வார்கள். கீறக் கூடாது, தழும்பாகி அங்கே முடி வராமலே போய்விடும். சீக்கிரம் தோல் டாக்டர். மொட்டை அடிக்க வேண்டிய அவசியம் இல்லை. அடிப்பதானால் பார்பரிடம் புது பிளேடு கேட்டு வாங்குங்கள். அண்ணன் தம்பி ஒரே சீப்பு வேண்டாம். வீட்டில் பூனைக்குட்டி இருந்தால் அதையும் காட்டுங்கள்.

சேத்துப்புண், தேமல் எல்லாம் இதே ஜாதியா?

கால் விரலிடுக்கில் வெள்ளையாக ஊறிப் பிளக்கும் சேற்றுப்புண் பெரும்பாலும் இதே கூட்டம்தான், மழைத் தண்ணீரில் நடப்பதால் வருவது. சர்க்கரை உள்ளவர்கள் அதை அலட்சியம் செய்யக் கூடாது. அந்த வெடிப்பு வழியாகக் கிருமி ஏறிக் கால் வீங்கும். தேமல் வேறு. அது எல்லார் தோலிலும் சும்மா இருக்கும் மலசீசியா என்ற ஈஸ்ட் பெருகுவது. ஒட்டாது, பூனைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கீட்டோகோனசோல் ஷாம்பூவில் போகும், நிறம் திரும்ப மாதங்கள் ஆகும்.

சீமை அகத்தி அரைச்சுப் போடச் சொன்னாங்க பாட்டி.

பாட்டி சொன்னதில் விஷயம் இருக்கிறது. வண்டுகொல்லி என்றும் சொல்லப்படும் அந்த இலையில் பூஞ்சையை அடக்கும் கிரைசோஃபானிக் வகைப் பொருட்கள் உண்டு. அதே குடும்பச் சரக்குதான் ஒரு காலத்தில் பிரேசிலிலிருந்து போர்த்துக்கீசியர் வழியாக வந்து கோவாப் பொடி என்ற பெயரில் பம்பாயில் படர்தாமரைக்கு விற்றது. வேலை செய்யும், தோலையும் எரிக்கும், துணியையும் மஞ்சளாக்கும். சின்ன வட்டத்துக்கு ஊரில் போட்டுப் பார்ப்பது பரவாயில்லை. இன்றைய பிடிவாதமான வகையை அதை நம்பி விட்டுவைப்பது வேண்டாம். பச்சைப் பூண்டு, எலுமிச்சை, மண்ணெண்ணெய், பேட்டரித் தண்ணீர் எதுவும் வேண்டவே வேண்டாம். பூண்டு வைத்துக் கட்டித் தொடையில் கொப்புளம் போட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பிறகு இரண்டு வைத்தியம் பார்க்க வேண்டும்.

டாக்டர் பூனைக்குத்தான்னு சொல்லிட்டாரு. வெளியே விட்டுடலாமா?

விட்டால் உங்கள் வீட்டு நோய் கட்டடத்துக்கே போகும், பூனையும் செத்துப்போகும். குணமாகக்கூடிய நோய் இது. கால்நடை டாக்டர் பெரும்பாலும் இட்ராகோனசோல் திரவமும், கந்தகச் சுண்ணாம்புக் குளியலோ மைக்கோனசோல்-குளோர்ஹெக்சிடின் ஷாம்பூவோ சேர்த்துத் தருவார். கந்தகச் சுண்ணாம்பு அழுகின முட்டை நாற்றம் அடிக்கும், வெள்ளிக் கொலுசைக் கறுக்க வைக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை மாதத்திலிருந்து இரண்டரை மாதம் வரை ஆகலாம். முடி முளைத்துவிட்டது என்று நிறுத்தாதீர்கள். லேப் பரிசோதனையில் இல்லை என்று வந்த பிறகு நிறுத்துங்கள். நம் களிம்பைப் பூனைக்குத் தடவினால் அது நக்கி வயிற்றுக்குள் அனுப்பும். டாக்டர் பார்க்காமல் வேண்டாம். பரேலில் பாய் சக்கர்பாய் தின்ஷா பெட்டிட் விலங்கு மருத்துவமனை இருக்கிறது. தனியார் கிளினிக் செலவு தாங்காதவர்களை நான் அங்கேதான் அனுப்புகிறேன்.

ஒரே அறை வீட்டில் பூனையை எங்கே தனியாக வைப்பது என்பது நியாயமான கேள்வி. பெரிய கூண்டு ஒன்று, தினமும் கழுவக்கூடிய ஒரே துணி, குழந்தைகள் தொடாமல் பார்ப்பது, தொட்டால் சோப்பு போட்டுக் கை கழுவுவது. அவ்வளவுதான் நடக்கும், அதுவே பெரும்பாலும் போதும். உதிர்ந்த முடியில் வித்து ஒன்றரை வருடம்வரைகூட உயிரோடு இருக்கும் என்பதால் முடியை அள்ளுவதுதான் முக்கியம். காய்ந்த துடைப்பத்தால் பெருக்கினால் பறக்கும். ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள். பிறகு தரையைச் சோப்புத் தண்ணீரால் கழுவி, 32 பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு ப்ளீச் கலந்து பத்து நிமிடம் ஈரமாக விட்டுத் துடையுங்கள். கக்கூஸ் கழுவும் ஆசிட்டோடு ப்ளீச்சைக் கலக்கவே கூடாது, விஷவாயு வரும். பூனையையும் ஆட்களையும் அப்போது வெளியே வையுங்கள்.

டாக்டர்கிட்டப் போகும்போது என்ன எடுத்துட்டுப் போகணும்?

இதுவரை தடவிய எல்லா ட்யூபும், காலியானதும் சேர்த்து. சயான் ஆஸ்பத்திரியிலும் பரேலில் கே.இ.எம்.-இலும் தோல் ஓ.பி.டி. உண்டு, காலையில் போனால் காட்டிவிட்டு வரலாம். தோலைச் சுரண்டிப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள், வலிக்காது. ஆனால் களிம்பு போட்ட தோலில் பூஞ்சை மறைந்துகொள்ளும். பரிசோதனைக்கு எத்தனை நாள் முன்னால் களிம்பை நிறுத்த வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அன்றைக்குக் காலையில் மஞ்சளும் எண்ணெயும் பூசிக்கொண்டும் போகாதீர்கள். பெண்கள் கூச்சப்பட்டுக் கையில் இருப்பதை மட்டும் காட்டித் தொடையில் இருப்பதை மறைப்பார்கள். பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்டால் ஏற்பாடு செய்வார்கள்.

ஆறிடுச்சு, ஆனா கறுப்பா நிக்குது. இன்னும் பூஞ்சை இருக்கா?

ஓரம் தடிப்பில்லாமல், செதில் இல்லாமல், அரிப்பில்லாமல் இருந்தால் அது வெறும் தழும்பு நிறம். நம் மாதிரி மாநிறத் தோலில் மாதக்கணக்கில் நிற்கும், மெல்ல மங்கும். வெளுக்க வைக்கும் க்ரீம் கேட்காதீர்கள். அவற்றில் சிலவற்றின் பொடி எழுத்திலும் மொமெட்டசோன் இருக்கிறது. தேங்காய் எண்ணெய் போதும். அதுவும் விரலிடுக்கிலும் தொடையிடுக்கிலும் வேண்டாம்.